யாளி வாயில் உருளும் பந்து

சேலத்திலிருந்து மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் போனால் தாரமங்கலம். நெசவுக்குப் பேர்போன ஊர். பஸ்ஸை விட்டு இறங்கி, கைலாசநாதர் கோயில் எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். மேற்குப் பார்த்த கோயில் என்பதால் மாலையில் போவது நல்லது.

அமரகுந்தியைத் தலைநகராக வைத்து இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய கோயில் இது. 17ஆம் நூற்றாண்டில் கட்டி முடித்தார்கள். ராஜாங்கம் போய்விட்டது. மண்டபம் நிற்கிறது.

உள்ளே போனதும் எல்லோரும் தேடுவது யாளியைத்தான். அதன் வாய்க்குள் ஒரு கல் பந்து. விரலால் தள்ளினால் உருளும்; வெளியே மட்டும் வராது. பல்லிடுக்கை விடப் பந்து பெரிது! செய்து உள்ளே போட்டதல்ல. பல் இடைவெளி வழியாகவே உளியை விட்டு, உள்ளிருக்கும் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, தாய்க்கல்லிலிருந்து பிரித்தெடுத்திருக்கிறார்கள். கடைசித் தட்டு தவறியிருந்தால் அத்தனை நாள் உழைப்பும் வீண். தொங்கும் கல் சங்கிலியும் அப்படித்தான். வளையங்களை ஒன்றோடு ஒன்று கோத்தது கிடையாது, ஒரே கல்.

இப்போது அண்ணாந்து பாருங்கள். விதானத்தில் கவிழ்ந்த தாமரை. அதைச் சுற்றிலும் தலைகீழாகத் தொங்கியபடி இதழைக் கொத்தும் கிளிகள். பந்தை உருட்டிவிட்டு செல்ஃபியோடு திரும்பிவிடுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். பந்தை விட இதுதான் பெரிய வேலை.

பெய்ஜிங் அரண்மனைத் தோட்டத்தில் சீனப் பேரரசர்கள் கட்டிய மண்டபங்களிலும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். குழிந்து மேலேறும் மர விதானம், நடுவே வாயில் முத்தைக் கவ்விய டிராகன். சீனத்துக் கல் சிங்கங்களின் வாயிலும் உருளும் பந்து உண்டு என்பது இன்னொரு ஆச்சரியம். யாரைப் பார்த்து யார் செய்தார் என்ற ஆராய்ச்சி வேண்டாம். உளி பிடித்த கைக்கு எந்த ஊரிலும் இந்த விளையாட்டு தோன்றியிருக்கலாம்.

ஒரு வித்தியாசம் முக்கியம். மர விதானத்தில் ஒரு துண்டு உளுத்தால் வேறு துண்டு செய்து பொருத்தலாம். சாயம் மங்கினால் மறுபடி தீட்டலாம். இங்கே அதற்கு வழியில்லை. சங்கிலியில் ஒரு வளையம் உடைந்தால் உடைந்ததுதான். சிமென்ட் வைத்து ஒட்டலாம், ஆனால் அது சங்கிலி ஆகாது. பிள்ளைகள் எட்டிப் பிடித்து ஆட்டப் பார்ப்பார்கள். பெரியவர்கள்தான் தடுக்க வேண்டும். (பல நேரம் ஆட்டுவதே பெரியவர்கள்தான்!)

அவர்களுக்கு வேறு விளையாட்டு இருக்கிறது. ஒரு தூணில் ராமர் வில்லோடு மறைந்து நிற்கிறார். இன்னொரு தூணில் வாலியும் சுக்ரீவனும் மோதுகிறார்கள். ராமர் பக்கம் நின்றால் வாலி தெரிவான். வாலி பக்கம் போய் நின்றால் ராமர் தெரிய மாட்டார். அண்ணனை ஒரு தூணிலும் தங்கையை மற்றொரு தூணிலும் நிறுத்திவிட்டு, யாருக்கு யார் தெரிகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.