நாள் எப்பொழுது பிறக்கின்றது?

நாளென்பது ஒன்று, நொடியென்பது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகவே கருதி நாம் வாழ்ந்து வருகின்றோம்; அதனாற் பெரும்பாலும் கேடொன்றும் விளைவதில்லை. ஆனால், கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் அவ்வாறு கருதுவாராயின், அதன் பயனை எங்கோ ஒரு குடும்பம் அனுபவிக்க நேரும். சென்ற ஆண்டில் அதனை அனுபவித்தது அறந்தாங்கியிலுள்ள எங்கள் குடும்பம்.

என் தங்கை 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1-ஆம் தேதி பிறந்தவள். உதவித்தொகை வேண்டிச் செய்த விண்ணப்பத்தில் அத்தேதியையே பிழையின்றிப் பதிந்தாள். அச்சாகி வந்த தாளிலோ மே மாதம் 31-ஆம் தேதி என்றிருந்தது. பள்ளிச் சான்றிதழோடு ஒவ்வாமையால் அலுவலகத்தார் அதனைத் திருப்பிவிட்டனர். தச்சுத் தொழில் செய்யும் என் தந்தையார் இருமுறை புதுக்கோட்டைக்குச் சென்று காத்து நின்றார். இரண்டு நாட்கூலி போயிற்று. "பெத்தவனுக்குத் தெரியாதாங்க, பிள்ளை பிறந்த தேதி?" என்று அவர் கேட்டதற்கு, "கணிப்பொறி அப்படித்தான் காட்டுகிறது" என்று விடை வந்ததாம்.

அவ்வலுவலகத்தின் நிரலை யான் கண்டதில்லை. ஆயினும், இத்தகைய பிழை எவ்வாறு தோன்றும் என்பதைக் கணிப்பொறியியல் பயிலும் விடுதி நண்பரொருவர் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியில் எனக்குச் செய்து காட்டினார். அம்மொழியின் பழைய அமைப்பில் தேதி என்று தனியே ஒன்று இல்லை. 1970-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி, கிரீனிச்சு நள்ளிரவு தொடங்கி எத்தனை மில்லிநொடிகள் சென்றன என்னும் எண் ஒன்றே உண்டு. அதற்கு முன் பிறந்தோரெல்லாம் கழித்தற்குறியோடு பிறந்தவராவர்! மாதங்களையும் பூச்சியம் முதலாக எண்ணுதலின் ஜூன் அங்கே ஐந்தாவது; அது வேறொரு வேடிக்கை. நம் கடிகாரம் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முற்பட்டதாதலின், அறந்தாங்கியில் ஜூன் 1 பிறக்கும் நொடியில் ஆங்கு மே 31, பதினெட்டரை மணி. அந்நொடியைக் கிரீனிச்சுக் கணக்கில் எழுதி, மணியை வெட்டியெறிந்து தேதியை மட்டும் வைத்துக்கொண்டால், ஒரு நாள் குறைந்துபோகின்றது. ஜனவரி 1-இல் பிறந்தோர்க்கு ஆண்டே குறையும். இலண்டனில் அமர்ந்து குளிர்காலத் தேதியொன்றைக் கொண்டு சோதித்துப் பார்ப்பவர்க்கோ இப்பிழை கண்ணிற் படாது.

இதனை அப்பத்தாவிடம் விளக்கியபோது அவர் சிறிதும் வியந்தாரில்லை. என் சித்தப்பா பிறந்தது வியாழக்கிழமையென்று அவரும், வெள்ளிக்கிழமையென்று ஞானஸ்நானப் பதிவேடும் நெடுங்காலமாக மாறுபட்டு வருகின்றனர். "ராத்திரி மூணு மணிக்குப் பிறந்தான், விடிஞ்சாத்தானேப்பா வெள்ளி?" என்பது அவர் வாதம். பஞ்சாங்கக்காரரும் சூரியோதயம் தொட்டே கிழமையைக் கணக்கிடுவர்; யூதர்க்கோ நாள் மாலையில் தொடங்கும். கிரீனிச்சில் தேதி மாறும்பொழுது நமக்குக் காலை மணி ஐந்தரை; அறந்தாங்கியின் கீழ்வானம் வெளுக்கும் வேளை. ஆதலின், பின்னிரவு மூன்று மணிக்குப் பிறந்த குழந்தைக்கு அந்த யந்திரமும் வியாழக்கிழமை என்றே சொல்லும். பதிவேட்டுக்கு எதிராக அப்பத்தாவுக்கு இப்படியொரு சாட்சி கிடைக்குமென்று எங்கள் வீட்டில் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை.

தங்கையின் விண்ணப்பத்தை முடிவில் ஓர் உத்தியோகஸ்தர் கையினால் திருத்தி ஏற்றுக்கொண்டார். அதற்குப் பின் யான் பைத்தான் என்னும் மொழியைச் சிறிது பயின்றேன். ஆண்டு, மாதம், நாள் என்னும் மூன்றே கொண்ட தேதிவகையொன்று அதிலுண்டு. அதற்கு மணியில்லை, மணியில்லாமையால் எத்தேயத்திற்குக் கொண்டுசென்றாலும் நகராது. பிறந்தநாளுக்கு அதுவே தக்கது. ஜாவாஸ்கிரிப்டிலும் டெம்பொரல் என்னும் புதிய அமைப்பில் அத்தகைய தேதிக்கு இடமளித்துள்ளனர். வண்டி புறப்படுவதும் பணம் செலுத்துவதும் நொடிகள். அவற்றுக்கே இடத்தையும் உடன் குறித்தல் வேண்டும்.

இடத்தைக் குறித்தாலும் போதாது. இந்தியப் பொதுநேரம் 1906-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி வந்தது. அதற்கு முன் வழங்கிய சென்னை நேரம் அதற்கு ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் பிற்பட்டது. உலகப்போரின்போது, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, நாடெங்கும் கடிகாரத்தை ஒருமணி முன்னே தள்ளி வைத்திருந்தனர். நிரல்மொழிகள் நம்பியிருக்கும் நேரமண்டலக் கோப்பில் 'ஆசியா/கொல்கத்தா' என்னும் பெயரின்கீழ் இவையாவும் பொறிக்கப்பட்டுள்ளன. எங்கள் குடும்ப வேதாகமத்தின் முன்தாளில், தாத்தா 1944 மார்ச்சு 12, நள்ளிரவுக்கு மேல் 20 நிமிஷத்தில் பிறந்தாரென்று எழுதியிருக்கின்றது. இன்றைய கடிகாரப்படி அது மார்ச்சு 11, இரவு 11 மணி 20 நிமிஷம்! எதனைக் கொள்வது? அன்று சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்து எழுதியவர் பொய் எழுதவில்லை. அதனைத் திருத்த நமக்கு உரிமையில்லை என்பது என் துணிபு.

அம்முன்தாளிலுள்ள பிறப்புக்களையெல்லாம் இப்பொழுது சிறியதொரு பைத்தான் நிரலில் ஏற்றி வருகின்றேன். தேதிக்கு ஒரு கட்டம், மணிக்கு ஒரு கட்டம், எந்தக் கடிகாரம் என்பதற்கு ஒரு கட்டம். அப்பத்தா சொல்லும் கிழமைக்கும் ஒன்று விட்டிருக்கின்றேன்.