ஞாயிற்றுக்கிழமைக் கறி

மதுரையில் எங்கள் தெருமுனைக் கறிக்கடையில் ஞாயிறு காலை ஆறரைக்கெல்லாம் கூட்டம் கூடிவிடும். "பாய், தொடையில கால் கிலோ, நெஞ்செலும்பு கால் கிலோ, ஈரல் கொஞ்சம்" என்று அப்பா சொல்வது எனக்கு மனப்பாடம். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "கொழுப்பு ஒரு துண்டு சேத்துப் போடுங்க, குழம்பு மணக்கும்" என்பார்.

அவருக்கு 62 வயதானபோது எடை 86 கிலோ. சர்க்கரையும் கூடியிருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: ஆட்டுக்கறியை நிறுத்துங்க, உடம்பு தானாகக் குறையும். அப்பாவும் அன்றே நிறுத்தினார். ஆறு மாதம் கழித்து எடை பார்த்தால் அதே 86. அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள்தான் களையிழந்து போயின. சாப்பிட உட்காரும்போது அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்ப்பார், அப்புறம் தலையைக் குனிந்துகொள்வார். எனக்குத் தாங்கவில்லை.

ஒரு ஞாயிறு, சமையலறைத் தராசை எடுத்து அவர் சாப்பிடுவதை நிறுத்துப் பார்த்தேன். குழம்புக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என்று சோறு மட்டும் 450 கிராம். கிட்டத்தட்ட 580 கலோரி. கறி இருந்த இடத்தில் இப்போது உருளைக்கிழங்கு வறுவல், எண்ணெய் மினுமினுக்க. பழைய கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நாலு பேருக்கு அரைக் கிலோ எடுத்தால், எலும்பு போக ஆளுக்கு 80 கிராம் கறி தேறினாலே அதிகம். கொழுப்பை நீக்கிய வெள்ளாட்டுக் கறியென்றால் அது 120 கலோரியைத் தாண்டாது. குழம்பு தாளிக்க அம்மா ஊற்றும் எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டியே அந்த அளவுக்கு வந்துவிடும். பழி முழுவதும் கறியின் தலையில் விழுந்திருந்தது.

அதற்காகக் கறியால் எடையே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 1,20,877 அமெரிக்கர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2011-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. தினமும் ஒரு பங்கு சிவப்பு இறைச்சியைக் கூட்டிக்கொண்டவர்களுக்கு நாலு ஆண்டில் சுமார் 0.43 கிலோ கூடியிருந்தது. உருளைக்கிழங்கைக் கூட்டியவர்களுக்கு 0.58 கிலோ, சிப்ஸைக் கூட்டியவர்களுக்கு 0.77 கிலோ. இதனால்தான் அது என்று அடித்துச் சொல்லும் வகை ஆய்வு அல்ல அது. இரண்டும் சேர்ந்து போவதைத்தான் காட்டுகிறது. அந்த வரிசையைப் படித்தபோது எனக்கு அப்பாவின் தட்டில் இருந்த வறுவல்தான் கண்ணில் நின்றது. ஆய்வு சொல்வது தினப்படி கூடும் பங்கைப் பற்றி. வாரம் ஒருநாள் நாலைந்து துண்டு சாப்பிடுகிறவரின் கதை வேறு.

கொழுப்பு விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஒரு கிராம் புரதத்தில் 4 கலோரி என்றால் ஒரு கிராம் கொழுப்பில் 9. மீந்த குழம்பை ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் திறந்து பாருங்கள். மேலே வெள்ளையாக, மெழுகுபோல உறைந்து கிடக்கும். கரண்டியால் தட்டினால் தகடாகப் பெயர்ந்து வரும். மணக்கட்டும் என்று நாம் கேட்டு வாங்கும் அந்த ஒரு துண்டு அங்கேதான் இருக்கிறது.

அம்மாவிடம் பேசினேன். கறி திரும்ப வந்தது, வறுவல் போனது. சோறு ரசத்துக்கும் மோருக்கும் சேர்த்து ஒரே கரண்டி. பக்கத்தில் அவரைக்காயோ கீரையோ தட்டில் பாதிக்கு. எண்ணெயைக் குறைக்கத்தான் அம்மாவுக்கு லேசில் மனசு வரவில்லை. அதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. எட்டு மாதத்தில் அப்பா 82 கிலோவுக்கு வந்தார். சாயங்காலம் அவர் நடக்க ஆரம்பித்ததற்கும் அதில் பங்குண்டு.

போன ஞாயிறு அவரோடு கடைக்குப் போனேன். வழக்கமான துண்டை பாய் தராசில் போடக் கை நீட்டினார். "வேணாம் பாய், அத எடுத்துருங்க" என்றார் அப்பா. "ஈரல் மட்டும் கொஞ்சம் கூடப் போடுங்க."