மூன்று சிறிய பெட்டிகள்

பெடல் ஸ்டீல் கித்தார் கற்கத் தொடங்குபவர்கள் எல்லோரும் வெகுவிரைவில் ஒரு கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். நாதத்தை மெருகேற்றித் தரும் கருவிகள் நமக்கும் வேண்டுமா? ரிவெர்ப், டிலே, கம்ப்ரெஸர், வால்வு பொருத்திய ப்ரீஆம்ப் என்று கடைகளில் அவை வரிசையாக வீற்றிருக்கின்றன. நாங்கள் இருவரும் அக்கேள்வியைக் கேட்டுக்கொண்டோம். விடை கிடைக்கும் முன்பே வாங்கியும் விட்டோம். அதனால் நேர்ந்ததைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

இவ்வாத்தியத்தைப் பார்த்திராத நண்பர்களுக்காகச் சிறு அறிமுகம். மேசையைப் போல நான்கு கால்களில் நிற்கும் கித்தார் இது. முன்னால் அமர்ந்து வாசிக்க வேண்டும். பொதுவாகப் பத்துத் தந்திகள். வலக்கை விரல்களில் நகங்கள் மாட்டிக்கொண்டு மீட்ட, இடக்கையில் பிடித்த எஃகு உருளை தந்திகளின் மேல் வழுக்கிச் செல்லும். தந்தியைப் பலகையோடு அழுத்துவதே இல்லை. பலகையில் வரைந்திருக்கும் கோடுகள் கண்ணுக்கு ஓர் அடையாளம் மட்டுமே. சுருதியைத் தீர்மானிப்பது காதுதான். சித்ரவீணை கேட்டுப் பழகியவர்களுக்கு இதுவரை எதுவும் புதிதாகத் தோன்றாது. புதுமை கீழே இருக்கிறது. காலால் மிதிக்கும் மூன்று பெடல்களும் முழங்காலால் தள்ளும் நான்கைந்து நெம்புகோல்களும் குறிப்பிட்ட சில தந்திகளை மட்டும் இழுத்தோ தளர்த்தியோ சுருதியை மாற்றுகின்றன. நாஷ்வில்லில் பரவலாக உள்ள ஈ-9 முறையில், முதல் பெடலை மிதித்தால் ஐந்தாம் தந்தியும் பத்தாம் தந்தியும் ஒரு முழுத்தொனி ஏறும். மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும். 1954ல் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாடலில், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து அந்த நெகிழ்வை எல்லோரும் கேட்கும்படி செய்தவர் பட் ஐசக்ஸ். அதன் பிறகு கன்ட்ரி இசையின் முகமே மாறிவிட்டது.

2017ல் நாங்கள் அதை வாங்கினோம். நாஷ்வில்லிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒரு சிற்றூர். நாற்பது ஆண்டுகள் வாசித்த ஒரு பெரியவர், விரல் மூட்டுகள் மடங்க மறுத்ததால் தம் வாத்தியத்தை விற்க முன்வந்திருந்தார். தனியாக வாங்க எங்களில் எவருக்கும் வசதியில்லை. பாதிப் பாதியாகப் பணம் போட்டோம். நகங்கள், எஃகு உருளை, வால்யூம் பெடல், பழைய ஆம்ப் ஆகியவற்றையும் அவரே சேர்த்துக் கொடுத்தார். வண்டியில் ஏற்றும்போது ஒன்றைச் சொன்னார். "மூன்றாம் தந்தி அடிக்கடி அறும். அதை மட்டும் நிறைய வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டுக்கு வேறெதுவும் வாங்காதீர்கள்."

மூன்று மாதங்கள் அச்சொல்லைக் காப்பாற்றினோம். அந்த மூன்று மாதங்களும் வாத்தியம் எங்களைப் பார்த்து அழுதது என்றே சொல்லவேண்டும். இசைத்தட்டுகளில் கேட்ட அந்தத் தேன் எங்கே, எங்கள் அறையில் எழுந்த இந்தத் தகர ஓசை எங்கே? குறை கருவியிலோ ஆம்பிலோதான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்வது எத்தனை சுலபமாக இருந்தது! முதலில் ரிவெர்ப் வந்தது. அடுத்து கம்ப்ரெஸர். பிறந்தநாள் ஒன்றைச் சாக்காக வைத்து வால்வு ப்ரீஆம்ப். மூன்றுமாகச் சேர்ந்து வாத்தியத்தின் விலையில் பாதியை விழுங்கின. அறை தேவாலயம் போல முழங்கியது. நாங்கள் மகிழ்ந்தோம்.

இப்போது பின்னோக்கிப் பார்க்கையில், ஒவ்வொரு பெட்டியும் ஒரு பாடத்தை எங்களிடமிருந்து மறைத்தது புரிகிறது. ஒரு தந்தியை மீட்டி அடுத்ததற்குச் செல்லும்முன் முந்தையதை உள்ளங்கையின் விளிம்பால் அடக்கவேண்டும்; இல்லையேல் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழியும். ரிவெர்ப் எல்லாவற்றையும் வழியவிட்டதால், நாங்கள் அடக்காதது தெரியவில்லை. மீட்டிய ஒலி தேயத் தேய வலப்பாதம் வால்யூம் பெடலை மெல்ல அழுத்தி அதைத் தாங்கிப் பிடிக்கவேண்டும். இக்கலையின் மூச்சே அதுதான். கம்ப்ரெஸர் அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டதால் எங்கள் பாதம் தூங்கியது. நகம் தந்தியில் படும் கோணம் தவறினால் கீறல் ஓசை எழும். வால்வின் கதகதப்பு அதற்குப் போர்வை போர்த்தியது.

2018 இலையுதிர்காலத்தில் பெரியவரிடமிருந்து அழைப்பு வந்தது. மனைவி இறந்து ஓராண்டு நிறைகிறது. ஊர்க்கூடத்தில் நண்பர்கள் கூடுகிறார்கள். அவளுக்குப் பிடித்த பாடலை அவளுடைய தங்கை பாடுவாள். என் கருவி அங்கே ஒலித்தால் நன்றாயிருக்கும் என்றார். பெருமையோடு புறப்பட்டோம். கூடத்தில் எல்லாவற்றையும் இறக்கி வைத்த பிறகுதான் பெட்டிகளுக்கு மின்சாரம் தரும் அடாப்டர்கள் வீட்டு மேசையிலேயே கிடப்பது நினைவுக்கு வந்தது. வேறு வழியின்றி வாத்தியத்தை நேராக ஆம்பில் செருகினோம்.

அன்று மீட்டியது எங்களில் யார் என்பது முக்கியமில்லை. பெட்டிகளை வாங்கியது இருவரும்தான். முதல் நான்கு அடிகளுக்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. உருளை கோட்டுக்குச் சற்றுக் கீழேயே நின்றது. பழைய ஒலி புதியதன்மேல் சிந்தியது. ஒவ்வொரு ஸ்வரமும் பாதியிலேயே செத்து விழுந்தது. பாடிய பெண்மணி எங்கள் சுருதியைத் தேடித் தம் சுருதியை இழந்தார். ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, துணையின்றித் தனியாகவே பாடி முடித்தார். கூடத்தில் ஒருவரும் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

கூட்டம் கலைந்தபின் பெரியவர் வாத்தியத்தின் முன் அமர்ந்தார். நகங்களை மாட்டிக்கொள்ள எங்கள் உதவி தேவைப்பட்டது. அதே ஆம்ப், அதே கம்பி, நாங்கள் தொடாத அதே குமிழ்கள். இரண்டே நாண்கள்தான் வாசித்தார். அதற்குமேல் விரல் ஒத்துழைக்கவில்லை. மீட்டியபோது ஓசை எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை. முதல் பெடல் இறங்க ஒரு குரல் மட்டும் எழுந்து மேலே சென்றது. பாதம் அதைக் கடைசிவரை தாங்கியது. பிறகு கையை வைத்து அடக்கினார். அந்த நிசப்தமும் வாசிப்பின் பகுதியாகவே இருந்தது. "பெட்டிகளை விற்றுவிடவேண்டாம், தள்ளி வையுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

'நாதம் கையில் இருக்கிறது' என்று சொல்லி இத்தோடு முடித்துவிடலாம். ஆனால் அது முழு உண்மையல்ல. பெரும் கலைஞர்களும் கருவிகளைப் பயன்படுத்தியவர்களே. ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ் குழுவின் ஸ்னீக்கி பீட் க்ளைனோ 1969லேயே ஸ்டீல் ஒலியை ஃபஸ் வைத்து முறுக்கிக் காட்டினார். சாதாரண வால்யூம் பெடலையும் நீண்ட கம்பியையும் கடக்கையில் பிக்கப்பின் உயர் அதிர்வுகள் சற்று மங்குவது பௌதிகம். அதைத் தடுக்கும் சிறு பஃபர் வீண் ஆடம்பரம் அல்ல. மறுபுறம், 1970ல் வெளிவந்த 'டீச் யுவர் சில்ட்ரன்' பாடலின் ஸ்டீலை வாசித்த ஜெர்ரி கார்சியா அப்போது அவ்வாத்தியத்தில் ஏறத்தாழப் புதியவரே. அந்த வாசிப்பில் வித்தை குறைவு, பாட்டின் மேல் கவனம் அதிகம்.

ஆகவே கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்கவேண்டும் என்பது எங்கள் எண்ணம். கருவி வேண்டுமா என்பதல்ல, அதை மதிப்பிடும் காது வந்துவிட்டதா என்பதே கேள்வி. தொடங்குபவருக்குத் தேவையானவை சில உண்டு: கையில் கனமாக அமரும் உருளை, பொருந்தும் நகங்கள், சுருதி பார்க்கும் ட்யூனர், வால்யூம் பெடல், பிசிறின்றி ஒலிக்கும் ஆம்ப், மூன்றாம் தந்திகள் ஒரு கட்டு. மற்றதெல்லாம், இன்னது குறைகிறது என்று நாமே பெயர் சொல்லிச் சுட்டும் நாள் வரை காத்திருக்கலாம். 'நன்றாக இல்லை' என்பது குறையின் பெயர் அல்ல. அது பயிற்சியின் பெயர்.

மூன்று பெட்டிகளையும் அலமாரியில் வைத்துப் பூட்டினோம். அடுத்த குளிர்காலம் முழுவதும் வெறும் தந்தியோடு கழிந்தது. இப்போது ரிவெர்ப் மட்டும் வெளியே வந்திருக்கிறது. குமிழைக் கால்வாசிக்குமேல் திருப்புவதில்லை.

2019ல் அதே கூடத்தில், அதே பெண்மணிக்கு, அதே பாடலை வாசித்தோம். வாத்தியம் நேராக ஆம்பில். இரண்டாம் பத்தியில் ஓரிடத்தில் உருளை ஒரு மயிரிழை தாழ்ந்தது. பெரியவர் நிச்சயம் கவனித்திருப்பார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. எங்களுக்கே கேட்டுவிட்டது.