மெண்டல்சன் தொடங்கிய கல்லூரி
(ஜெர்மனிப் பயணம் – 7)

லைப்சிக் நகரின் கிராஸி தெருவில் 8-ஆம் எண் கட்டடத்தை நெருங்கும்போதே சத்தம் வந்துவிட்டது. ஒரு ஜன்னலில் டிராம்போன். பக்கத்து ஜன்னலில் ஒரு பெண் குரல். மாடியில் யாரோ பியானோவில் ஒரே நாலு ஸ்வரத்தை விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார். தெருவோரமே நின்று வெகுநேரம் கேட்டேன்.

இந்த இசைக் கல்லூரி பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. இசைப்பிரியரான நீதிபதி புளூம்னர் 1839-ல் இறந்தபோது, கலைக்கும் அறிவியலுக்கும் பயன்பட வேண்டும் என்று 20,000 தாலர் எழுதிவைத்தார். அந்தப் பணத்தில் ஓர் இசைப்பள்ளி அமையட்டும் என்று சாக்சனி மன்னரிடம் வேண்டியவர் இசையமைப்பாளர் மெண்டல்சன். அப்போது அவர் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவின் நடத்துநர். 1843 ஏப்ரல் 2-ல் பள்ளி திறந்தது. பியானோவும் இசையமைப்பும் கற்பிக்க ராபர்ட் ஷூமன், வயலினுக்கு ஃபெர்டினாண்ட் டேவிட். இப்படியோர் ஆசிரியர் குழு எந்த ஊருக்கு வாய்க்கும்! இப்போதுள்ள கட்டடம் 1887-ல் வந்தது.

நார்வேயிலிருந்து இசையமைப்பாளர் க்ரீக் 15 வயதில் இங்கே வந்து சேர்ந்தார். செக் இசையமைப்பாளர் யானாசெக்கும் இங்கு படித்தவர்தான். ஆனால் என் மனசு ஜப்பானின் தாக்கி ரெந்தாரோவிடமே நின்றது. 1901-ல் கடல் கடந்து வந்து சேர்ந்தவரைக் காசநோய் பிடித்தது. அடுத்த வருஷமே ஊர் திரும்பி, 1903-ல் 23 வயதில் இறந்துபோனார். அவர் மெட்டமைத்த பாடல்களை ஜப்பானியர் இன்றும் பாடுகிறார்கள்.

மெண்டல்சன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதற்காக, கெவாண்ட்ஹவுஸ் அரங்கின் முன்னால் நின்ற அவர் சிலையை 1936-ல் நாஜிகள் பெயர்த்தெடுத்தார்கள். கல்லூரிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது 1972-ல். எவ்வளவு தாமதமான மரியாதை!

1992 முதல் நாடகப் படிப்பும் இங்கே சேர்ந்திருக்கிறது. தேவாலய இசை, பழங்கால இசை, ஜாஸ், ஓபரா எல்லாம் உண்டு. இளநிலை நான்கு ஆண்டு, முதுநிலை இரண்டு. முதன்மைப் பாடம் மட்டும் இன்றும் நம் குருகுலம் மாதிரிதான்: ஓர் ஆசிரியர், எதிரே ஒரே மாணவர். சேர்வதற்கு மதிப்பெண் பட்டியல் போதாது. நடுவர்கள் முன்னால் வாசித்தோ பாடியோ காட்ட வேண்டும். இசைக் கோட்பாடும் கேள்வி ஞானமும் சோதிக்கப்படும்.

பிள்ளைகளை இங்கே அனுப்ப நினைக்கும் பெற்றோர் ஒன்றைக் கவனியுங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு 2013 முதல் இங்கே படிப்புக் கட்டணம் உண்டு. அதைக் கல்லூரியிடம் நேரே கேட்டுத் தெரிந்துகொண்டு, ஜெர்மன் மொழியை முன்கூட்டியே கற்கச் சொல்லுங்கள்.

(தொடரும்)