முட்டை ஓடும் வெள்ளைக்கல்லும்

அன்புள்ள தமிழய்யாவுக்கு,

நேரில் சொன்னால் ‘சரி சரி, போய்ப் படி’ என்று துரத்திவிடுவீர்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் விண்ணப்பத்தோடு உங்களிடம் வந்தேன். ‘விரும்பிய எதைப் பற்றியும் கட்டுரை எழுதுக.’ அவ்வளவுதான் கேள்வி. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டே வளர்ந்த எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் ஒருமுறை ‘எக்ஸைக் கண்டுபிடி’ என்று மட்டும் கேட்டதாம். நானாயிருந்தால் சமன்பாடு எங்கே என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பேன்.

முதலில் எழுதியதைக் கலாமின் கனவில் தொடங்கியிருந்தேன். ஒரே கோடாக அடித்தீர்கள். “இதை எழுத லட்சம் பேர் இருக்காங்க. உங்கப்பா சட்டை என்ன நிறத்துல வீட்டுக்கு வருதும்மா?”

“வெள்ளைங்கய்யா. சுண்ணாம்புத் தூசி.”

“சுண்ணாம்புதானா? பாத்தியா?”

சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டியில் பிறந்த நான் அதுவரை அந்தத் தூசி கிளம்பும் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. மறுநாள் வேதியியல் ஆய்வகத்தில், சத்துணவுக்கூடத்திலிருந்து எடுத்துவந்த முட்டை ஓட்டின் மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டேன். புசுபுசுவென்று நுரைத்தது. அப்பா கொண்டுவந்த கல்லின் மீது விட்டேன். சும்மா கிடந்தது. சூடாக்கிய பிறகுதான் நுரைத்தது. சுண்ணாம்பு இல்லை, மாக்னசைட். உருக்காலை உலைகளுக்குள் அடுக்கும் தீச்செங்கல் ஆகிற கல். வெள்ளைக்காரன் எங்கள் குன்றுகளின் வெளுப்பைப் பார்த்து ‘சாக் ஹில்ஸ்’ என்று எழுதிவிட்டுப் போனான், பெயர் நிலைத்துவிட்டது. எங்கள் ஆட்கள் வெறுமனே வெள்ளைக்கல் என்றார்கள். அதில் தப்பே இல்லை.

ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டிய கட்டுரையைத் தமிழில் எழுதிவரச் சொன்னீர்கள். அப்போது கோபம்தான் வந்தது, இரட்டை வேலை என்று. தமிழில் எழுதியபோதுதான் அப்பா சட்டையை உதறும் சத்தம் உள்ளே வந்தது. ஆங்கிலத்தில் தொடங்கியிருந்தால் மறுபடி கலாமிடமே போயிருப்பேன். நான்கு முறை திருத்தினீர்கள். ஒருமுறைகூட உங்கள் வாக்கியம் ஒன்றைச் சேர்க்கவில்லை.

இடம் கிடைத்த செய்தி உங்களுக்குத் தெரியும். இது தெரியாது: அந்தக் கல் இப்போது விடுதியில் என் மேசைமேல் இருக்கிறது. அறைத்தோழி நேற்று அதைத் தூக்கிப் பார்த்து, “சுண்ணாம்புக் கல்லா?” என்றாள்.

ஒரு முட்டை வாங்கி வரச் சொன்னேன்.

உங்கள் மாணவி