தொட்டாச்சிணுங்கி என்று திட்டாதீர்கள்

சின்ன வயதில் எனக்கு வீட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு: தொட்டாச்சிணுங்கி. யாராவது குரலை உயர்த்தினாலே கண் கலங்கிவிடும். விருந்தாளி வந்தால் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். இன்று வானொலியில் பேசுவதே என் வேலை என்பதை நினைத்தால் சொந்தக்காரர்களுக்குச் சிரிப்பு.

அந்தப் பட்டம் இப்போது என் ஆறு வயது மகளுக்கு வந்திருக்கிறது. பாலர் பள்ளியில் வாயே திறப்பதில்லையாம். ஒருநாள் விருந்தினர் முன்னால் அவள் பேசாமல் நின்றபோது, நானே அதே சொல்லைச் சொல்லி அதட்டிவிட்டேன். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

பள்ளி விடுமுறையில் பீடோங் பக்கம், அம்மா பால்மரம் வெட்டிய தோட்டத்துக்குப் போனோம். பால்மரங்கள் போய் செம்பனை வந்துவிட்டது. லயத்து வீடுகள் இருந்த இடம் வெறும் புல்தரை. ஆனால் மண்பாதை ஓரமெல்லாம் தொட்டாச்சிணுங்கி! பஞ்சுருண்டை போல இளஞ்சிவப்புப் பூக்கள். மகள் ஓர் இலையைத் தொட்டாள். அது மூடிக்கொண்டதும் அவளுக்கு ஒரே குதூகலம்.

"பாத்துத் தொடும்மா, தண்டுல முள்ளு இருக்கு" என்றார் அம்மா. "விடியக்காலை பெரட்டுக்கு ஓடும்போது இருட்டுல காலைக் கீறிடும். எத்தனை தடவ வெட்டினாலும் திரும்ப வந்துரும்."

வெயில் விழும் திறந்த நிலம் இருந்தால் போதும், அது முளைத்துவிடும். சுங்கைப்பட்டாணியில் எங்கள் தாமான் திடலிலும் இருக்கிறது. பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. மலாயில் செமாலு என்பார்கள். 'மாலு' என்றால் வெட்கம். 1753-இல் லின்னேயஸ் வைத்த 'மிமோசா புடிகா' என்ற பெயரிலும் வெட்கம்தான் இருக்கிறது. தமிழில் நாம் சிணுங்க வைத்துவிட்டோம்.

உண்மையில் அது வெட்கமும் இல்லை, சிணுங்கலும் இல்லை. இலைக்காம்பின் அடியில் மூட்டு போன்ற சிறு வீக்கம் இருக்கிறது. தொட்டதும் அதன் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து நீர் வெளியேற, இலை மடிந்து தொங்குகிறது. மேய வரும் பூச்சியிடமிருந்து தப்பிக்கும் வழி இது என்று கருதுகிறார்கள். ஆனால் மூடியிருக்கும் நேரத்தில் வெயிலைக் கொண்டு உணவு தயாரிப்பது குறையும். அதனால் வீணாக மூடிக்கொண்டே இருந்தால் செடிக்குத்தான் நட்டம்.

2014-இல் மோனிகா கலியானோ குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தச் செடிகளைத் தொட்டியோடு 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, காயம் படாதபடி, திரும்பத் திரும்ப விழச்செய்தார்கள். முதலில் இலைகளை மூடிக்கொண்ட செடிகள், போகப்போக மூடுவதை விட்டுவிட்டன. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்தும் அதை மறக்கவில்லை.

நான் மைக் முன்னால் பேசப் பழகியதும் அப்படித்தான். யாரும் அதட்டி வரவில்லை. பேசினால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்த பிறகுதான் குரல் வந்தது.

கிளம்பும் நேரம் மகள் இன்னும் அந்தச் செடியருகே குந்தியிருந்தாள். "பாட்டி, கைய எடுத்துட்டு சும்மா இருந்தா அதுவே தொறக்குது."

வீட்டில் அந்தப் பட்டப்பெயரை நிறுத்திவிட்டோம். பள்ளியில் அவள் இன்னும் அதிகம் பேசுவதில்லை. யாராவது கேட்டால், "பேசுவா, கொஞ்சம் நேரம் கொடுங்க" என்கிறேன்.