அந்நிய நகரும் நம் பிள்ளையும்

கட்டடக் கலையில் மேற்படிப்புக்காகச் சிகாகோ செல்ல வேண்டும் என்றான் என் இளைய மகன். "சபர் போனவர்கள் திரும்பி வருவார்கள், படிக்கப் போனவர்கள் அங்கேயே தங்கி விடுவார்கள். அந்த ஊர் என் பிள்ளையை மாற்றிவிடும்" என்று என் மனைவி கண் கலங்கினாள். மறுமொழி சொல்ல எனக்கும் நா எழவில்லை.

அப்போது அவன் ஒரு பெயரைச் சொன்னான்: ஃபஸ்லுர் ரஹ்மான் கான்.

1929இல் டாக்காவில் பிறந்த அப்பெருமகனார், 1952இல் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்றார். மூன்றே ஆண்டுகளில் இரு முதுநிலைப் பட்டங்களையும் முனைவர் பட்டத்தையும் பெற்றார். அவர் பணியாற்றிய சிகாகோ, வந்தேறிய கலைஞர்களால் வளம்பெற்ற நகரம். ஹங்கேரி நாட்டு மொஹோலி நாகி 1937இல் அங்கே வடிவமைப்புப் பள்ளி தொடங்கினார். ஜெர்மனியரான மீஸ் வான் டெர் ரோ, 1938இல் வந்து கட்டடக் கலை பயிற்றுவித்தார்.

கட்டடம் உயர உயரக் காற்றின் தாக்குதலும் பெருகும். அதைத் தாங்க எஃகும் மிகுதியாக வேண்டும். கான் எளிய வழி கண்டார். மூங்கிலுக்கு வலிமை அதன் வெளிச்சுவரில் அல்லவா? அவ்வாறே கட்டடத்தின் வலிமையையும் புறச்சுவருக்கு மாற்றி, அதனைக் குழாய் போல் நிற்கச் செய்தார். கொலம்பியாவில் பிறந்த புரூஸ் கிரஹாம் என்னும் கட்டடக் கலைஞருடன் இணைந்து, 100 மாடி ஜான் ஹான்காக் மையத்தை உருவாக்கினார். ஒன்பது குழாய்களை ஒரே கட்டாக இணைத்த 110 மாடி சியர்ஸ் கோபுரம், 20 ஆண்டுகளுக்கு மேல் உலகிலேயே உயரமானதாகத் திகழ்ந்தது. இன்று அதன் பெயர் வில்லிஸ் கோபுரம். 1998இல் அதன் அடியிலுள்ள சாலைச் சந்திக்குக் கானின் பெயரை நகரம் சூட்டியது.

தாயகத்தை அவர் மறந்தாரா? இல்லை. 1971இல் வங்காள மக்கள் துயருற்றபோது, சிகாகோவிலிருந்தே உதவி திரட்டினார்.

"அவர் அடக்கமானது எங்கே?" என்று கேட்டாள் மனைவி. 1982இல் ஜித்தாவில் காலமான அவரை, சிகாகோ மண்ணில்தான் அடக்கம் செய்தார்கள் என்றான் மகன். "பார்த்தீர்களா!" என்றாள் அவள். அவளது அச்சம் பொய்யன்று என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மகன் மேலும் சொன்னான்: "உம்மா, ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்தை வடிவமைத்தவர்களுள் அவரும் ஒருவர்."

அவள் நிமிர்ந்தாள். 2005இல் நாங்கள் இருவரும் இஹ்ராம் நிலையில் பல மணி நேரம் காத்திருந்த இடமல்லவா அது! 210 வெண்கூடாரங்கள், வெயிலைத் தடுத்து, வெப்பக் காற்றை மேலே வெளியேற்றும் கூரை. அந்நிய நகரில் தேர்ந்த கைத்திறன், எங்கோ ஒரு சிற்றூரிலிருந்து சென்ற எங்களுக்கும் நிழல் தந்திருக்கிறது.

நெடுநேரம் மௌனமாக இருந்தவள், "அவருடைய உம்மாவும் இப்படித்தானே அழுதிருப்பார்" என்றாள். பிறகு எழுந்து சென்று, மகனின் பெட்டியை எடுத்துத் துடைக்கலானாள்.

ஊர் பிள்ளையை மாற்றும் என்று அஞ்சுகிறோம். பிள்ளையும் ஊரை மாற்றலாம். பிரிவின் வலி அதனால் குறைந்துவிடாது. ஆயினும் அந்த வலிக்கு ஒரு பொருள் உண்டாகிறது. இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் அவன் புறப்படுகிறான்.